கான்ஸ்டன்டினோவின் கோப்பை



இந்த இதழின் உணவுப் பக்கங்கள் கியூபாவுக்குப் போயிருக்கின்றன. அதில் ஒரு பானத்தைப் பற்றி மட்டும் நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உலகமெங்கும் அதற்கு ‘ஹெமிங்வே டைக்கிரி’ என்று பெயர். ஹெமிங்வேயின் எழுத்து மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. ஆனாலும் இந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது அல்ல. கான்ஸ்டன்டினோ ரிபலைகுவா வெர்ட்.

ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில் பிறந்து கியூபாவுக்கு வந்தவர் அவர். பழைய ஹவானாவில், ஒபிஸ்போ தெருமுனையில் இருக்கும் ‘எல் ஃப்ளோரிடிட்டா’ மதுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1918-ல் அதன் உரிமையாளரே ஆனார். 1952-ல் மறையும்வரை அந்தக் கடைதான் அவருக்கு எல்லாம்.

டைக்கிரி அவருக்கு முன்பே இருந்தது. கியூபாவின் சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில், இரும்புச் சுரங்கம் இருந்த ஒரு கடலோர ஊரின் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் இந்தப் பானத்தை முதலில் கலந்தார் என்பார்கள். ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, அவ்வளவே. இந்த மூன்றைக் கான்ஸ்டன்டினோ விடாமல் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐஸைத் தூளாக நொறுக்கி, மின்சார பிளெண்டரில் அடித்துப் பனிக்கூழாக ஆக்கினார். ஒவ்வொரு வகைக்கும் எண் கொடுத்தார். மூன்றாம் எண்ணில்தான் கிரேப்ஃப்ரூட் சாறும் மராஸ்கினோ என்ற செர்ரி மதுவும் சேர்ந்தன.

1930-களில் ஹெமிங்வே தங்கிய ‘அம்போஸ் முந்தோஸ்’ ஹோட்டலும் அதே ஒபிஸ்போ தெருவில்தான். நடக்கிற தூரம். எனக்குச் சர்க்கரை வேண்டாம், ரம்மை இரட்டிப்பாக ஊற்றுங்கள் என்று அவர் கேட்க, ‘பாப்பா டோப்ளே’ பிறந்தது. அவருடைய நண்பர் ஹாட்ச்னர் எழுதிவைத்த கணக்கின்படி, இரண்டு எலுமிச்சை, அரை கிரேப்ஃப்ரூட்டின் சாற்றுக்கு மராஸ்கினோ ஆறே சொட்டு. அது ஒருவரின் நாக்குக்காகச் செய்தது. மற்றவர்களுக்குப் புளிப்பும் காரமும் தூக்கலாகத்தான் இருக்கும். இப்போது எங்கும் கொடுக்கிற அளவில் மராஸ்கினோ தாராளமாக இருக்கிறது. என் வாக்கு அதற்கே. இன்று எல் ஃப்ளோரிடிட்டாவுக்குப் போகிறவர்கள், மேடையில் சாய்ந்து நிற்கும் ஹெமிங்வேயின் வெண்கலச் சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அந்த மேடைக்கு உள்பக்கம் நின்று கலந்து கொடுத்தவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

செய்முறைக்கு வருவோம். வெள்ளை ரம் 60 மில்லி, கிரேப்ஃப்ரூட் சாறு 40 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, மராஸ்கினோ 15 மில்லி. எலுமிச்சை நம் சந்தையில் கிடைக்கும் சிறிய பழமே போதும். பெரிய மஞ்சள் லெமன் இதற்குச் சரிவராது. கிரேப்ஃப்ரூட்டைக் கையால் மெதுவாகப் பிழியுங்கள். அழுத்தித் திருகினால் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பும் இறங்கிவிடும். பாட்டில் சாறு வேண்டவே வேண்டாம், பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். மராஸ்கினோ என்றதும் கேக் மேல் வைக்கும் சிவப்புச் செர்ரியின் பாகை ஊற்றிவிடாதீர்கள். இது ஏட்ரியாட்டிக் கரையில் விளையும் மராஸ்கா என்ற புளிப்புச் செர்ரியிலிருந்து காய்ச்சி வடித்த, தண்ணீர்போலத் தெளிந்த இனிப்பு மது. லேசாக வாதுமை வாசம் வரும்.

எல்லாவற்றையும் ஷேக்கரில் ஊற்றி, ஐஸை நிரப்பி, பத்துப் பதினைந்து விநாடி நன்றாகக் குலுக்குங்கள். வெளிப்பக்கம் வெண்மையாகப் பூத்து, பிடித்த விரல் குளிரில் மரத்துப்போகும். அதுதான் பக்குவம். இதற்குள் உருகிய ஐஸ் தண்ணீரும் பானத்தில் ஒரு பங்கு. அது இல்லாவிட்டால் ரம் தனியாக நின்று எரிக்கும். குளிர வைத்த கோப்பையில் வடிகட்டுங்கள். பிளெண்டரில் பனிக்கூழாக அடிப்பதென்றால் மராஸ்கினோவைச் சற்றுக் கூட்டலாம், கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும்.

கிரேப்ஃப்ரூட் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பம்பளிமாஸும் ஆரஞ்சும் பார்படோஸ் தீவில் தற்செயலாகக் கலந்து உண்டான பழம் இது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் சுவை தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் எகிறியது. காரணம் மது அல்ல, பழச்சாறு என்று பிறகு தெரிந்தது. அந்த முதல் சோதனை 1989-ல் வெளியானது. மருந்தைச் சிதைக்க வேண்டிய குடலின் நொதியை இந்தச் சாறு முடக்கிவிடுகிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். பம்பளிமாஸுக்கும் இந்தக் குணம் உண்டு என்பதால் அதை மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பழத்தை நறுக்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்