வீடும் நாமும்: சரிந்த கூரையில் மின்விசிறி

பங்குனி, சித்திரையில் தீவுப் பக்கம் காற்று விழுந்துவிடும். சோளகம் எழும்பும்வரை வெக்கைதான். ஓலை வேய்ந்த வீட்டில் இருந்த காலத்தில் இந்த அந்தரம் இவ்வளவு இருக்கவில்லை. 1990இல் இடம்பெயர்ந்து போன எங்களில் பலர், திரும்பி வந்தபோது கூரை இல்லாத சுவர்களையே கண்டோம். பிறகு எழும்பிய வீடுகள் ஓடும் சீற்றும் போட்டவை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் 550 சதுர அடி வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தது. அந்தக் காசில் சுவரும் கூரையும் முடிந்தாலே பெரிய காரியம். சீலிங் அடிக்க எங்கே மிச்சம்?

ஆகவே அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் சரிந்த கூரைதான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த காசில் மின்விசிறி வாங்கியாயிற்று. அதை எதில் கொளுவுவது?

பொருத்த வருபவர் பின்னேரப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். கைக்கு எட்டிய மரத்தில் கொளுக்கியை அடித்துவிட்டுப் போகப் பார்ப்பார். ஓடு தாங்கும் மெல்லிய சிலாகை அதற்கு ஏற்றதல்ல. மின்விசிறி ஐந்து கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால் சுழலும்போது ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆணி மெல்ல மெல்ல இளகும். கீழே பாயில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். "தம்பி, சிலாகையில வேண்டாம், வளையில கொளுவித் தாங்கோ" என்று ஏணி நிற்கும்போதே சொல்லுங்கள். வீட்டில் ஆம்பிளை இல்லையே என்று தயங்க வேண்டாம். வீட்டுக்காரி நீங்கள்தான்.

முகட்டு வளைதான் நல்ல இடம். பனை மரமென்றால் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோத்தி. திருகாணிக் கொளுக்கி அதில் நிலைக்காது. மரத்தைத் துளைத்து, மறுபக்கம் வரை போகும் போல்ட் போட்டு, அகலமான வாசர் வைத்து நட்டை இறுக்க வேண்டும். அறை முகட்டுக்கு நேரே இல்லாவிட்டால், இரண்டு கைமரங்களுக்கு இடையில் 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரம் ஒன்றைக் குறுக்கே போல்ட் போட்டுப் பூட்டி, அதில் கொளுவலாம். எப்படியானாலும் தண்டு தூக்குக்குண்டு போல நேராகத் தொங்க வேண்டும். சரிவோடு சேர்த்து இறுக்கினால் மின்விசிறியும் சரிந்தே நிற்கும், ஆட்டம் கூடும்.

என்னைக் கேட்டால் இன்னொரு வழி சுகம். சுவரிலிருந்து சுவருக்கு 2 அங்குல ஜீ.ஐ. குழாய் ஒன்றைக் குறுக்கே போட்டு, இரு முனைகளையும் சுவருக்குள் விட்டுச் சீமெந்தால் இறுக்கி, அதில் தொங்கவிடுவது. கூரையைத் தொடத் தேவையில்லை. அஸ்பெஸ்ரோஸ் சீற்றில் துளை போடும் வேலையும் இல்லை. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. குழாய்க்கு எர்த் கம்பி கொடுக்கச் சொல்ல மறக்கவேண்டாம்.

உயரம் பார்ப்போம். இறக்கைகள் நிலத்திலிருந்து 8 அல்லது 9 அடியில் நிற்பது நல்லது. 7 அடிக்குக் குறையவே கூடாது. கட்டிலில் ஏறி நிற்கும் பிள்ளையின் கை எட்டுமா என்றும் பாருங்கள். இறக்கை நுனிக்கும் சரிந்த கூரைக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். சூடான காற்று முகட்டில்தான் தேங்கும். சீற்றுக்குக் கிட்ட வைத்தால் அந்த வெக்கைதான் கீழே வரும். முகடு 13 அடி என்றால், இறக்கை 9 அடியில் நிற்கக் கொளுக்கியிலிருந்து 4 அடி இறங்க வேண்டும். பெட்டிக்குள் வரும் தண்டு ஓரடி அளவில்தான் இருக்கும். கடையில் நீளத் தண்டு கேளுங்கள். அதற்குள் போகும் வயரில் இடையில் முடிச்சு இருக்கக்கூடாது.

நெடுந்தீவு, நயினாதீவுச் சகோதரிகள் யாழ்ப்பாணத்தில் வாங்கும்போதே தண்டு, போல்ட், வாசர், கொளுக்கி எல்லாவற்றையும் எண்ணி எடுங்கள். ஒரு வாசருக்காக மறுபடி குறிகட்டுவானுக்குப் படகேறுவது ஒரு நாள் கூலி. எல்லாம் நாகம் பூசியதாக, முடிந்தால் துருப்பிடியாத உருக்காக இருக்கட்டும்.

வயர் வேலையைத் தெரிந்த எலக்ரீசியனிடமே விடுங்கள். மெயின் சுவிச்சை நிறுத்திய பிறகே ஏணியில் ஏற வேண்டும். ட்ரிப் சுவிச் இல்லாத வீடென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

செலவுக் கணக்கும் உண்டு. சாதாரண மின்விசிறி 75 வாற் எடுக்கும். நாளுக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் இருபத்திரண்டரை யூனிட். பி.எல்.டி.சி. என்று விற்பவை 30 வாற் அளவில் எடுக்கும், 9 யூனிட்தான். விலை கூட. மின்விசிறி அறையைக் குளிராக்காது, உடம்பின் வியர்வையைத்தான் காயவைக்கும். ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வீண்.

பொருத்தியவர் போகுமுன் கால் மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஆடினால் நட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள். ஒரே பெட்டியில் வந்த இறக்கைகளை வேறொன்றோடு மாற்றக்கூடாது. தண்டின் ஊசி விரித்து மடக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலதிகமாக ஒரு உருக்குக் கம்பியைத் தண்டோடு சேர்த்து மரத்தில் சுற்றிக் கட்டிவிட்டால், கொளுக்கி விட்டாலும் கம்பி பிடிக்கும்.

எங்கள் உப்புக் காற்றில் இரும்பு கெதியாகத் துருப்பிடிக்கும். ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது, மெயினை நிறுத்திவிட்டு, கொளுக்கியையும் அதிலுள்ள ரப்பரையும் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, கொளுக்கியிலிருந்து துரு உதிர்ந்தாலோ, மாற்றும்வரை அதன் கீழே பாய் விரிக்கவேண்டாம்.