வீட்டுக்கு மதிப்புப் போடுவது யாருக்காக?

கிளிஞ்சல்மேடு போன்ற காரைக்கால் கரையூர்களில், புருஷனும் மனைவியும் பிரிவதென்றால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகுமுன் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசப்படுவது நெடுநாளைய வழக்கம். ஆண்களே கூடிப் பேசும் இம்மாதிரி இடங்களில் சீர்ச் சாமான் எவ்வளவு, போட்ட நகை எவ்வளவு என்பதையெல்லாம் எண்ணிவிடலாம். வீட்டுப் பேச்சு வந்தாலோ, "பட்டா யார் பேரில்?" என்ற ஒரே கேள்வியில் பெண்ணின் வாயை அடைத்துவிடலாம்.

அந்த வீடு யார் காசில் எழுந்தது என்று நாம் கேட்கிறோம். கடலுக்குப் போனவன் அவன்தான். ஆனால் மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்றவள் யார்? படகுக்கும் வலைக்கும் தாலிக்கொடி முதல் அடகு வைத்தவள் யார்? சமைத்ததற்கும் பிள்ளை வளர்த்ததற்கும் கூலி கேளாதவள் யார்? இதெல்லாம் பட்டாவில் ஏறுமா?

சட்டமோ இன்னும் விசித்திரமானது. 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கலியாண சமயத்தில் வந்த, இருவருக்கும் பொதுவான சொத்தைப் பற்றித்தான் பேசுகிறது. பிறகு புருஷன் பேரில் வாங்கிய வீட்டில், மனைவி என்பதற்காக அவளுக்குப் பங்கு கிடையாது. ஜீவனாம்சம் கேட்கலாம், அவ்வளவே. காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தேசத்தில், தனி ஒப்பந்தமில்லாமல் மணந்தவர்கள் கலியாணத்துக்குப்பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது. கோவாவிலும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சட்டப்படி பாதி உண்டு. அன்னியன் சட்டத்தில் உள்ள நியாயம் நம் சாஸ்திரக்காரர்களுக்கு எட்டவில்லை போலும்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் கேட்டது. கலியாண ரத்து வந்தது. வீடு வரவில்லை.

2023 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு, வீட்டு வேலை செய்யும் மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் பங்கே என்று தீர்ப்புச் சொன்னது. அது விவாகரத்து வழக்கல்ல; ஆயினும் காரைக்காலும் அந்த ஐகோர்ட்டின் எல்லைக்குள்தான் இருக்கிறது. 2020இல் சுப்ரீம் கோர்ட்டும், ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பாரும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டுமென்றது.

ஆகவேதான் மதிப்பு முக்கியம். சர்க்கார் வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை வேறொன்று. சாதாரணமாய் முன்னதே குறைவு. ஜீவனாம்சத்தைக் குறைக்க விரும்புகிற புருஷன் அதைத்தான் நீட்டுவான். கட்டிடம் பழசாகப் பழசாக விலை இறங்கும், மனைக்கு ஏறும். இரண்டையும் தனித்தனியே போடவேண்டும். பாங்கிக் கடன் பாக்கியைக் கழிக்கவேண்டியதுதான். ஆனால் பிரிவுக்குச் சற்று முன்பு புதிதாய் எழுதிய கைமாற்றுச் சீட்டையும் கழித்துக்கொள்ளச் சொன்னால் ஒப்பலாகாது. எந்தத் தேதி மதிப்பு என்பதையும் எழுதி வாங்கவேண்டும். வாசல் தெற்கே பார்க்கிறது, வீடு ராசியில்லை என்று விலையைக் குறைப்பவர்களும் உண்டு. குறைத்தவனே அந்த வீட்டில் குடியிருக்க மாத்திரம் ராசி பார்ப்பதில்லை!

சர்க்கார் இலவசமாய்த் தந்து, விற்கக்கூடாதென்ற நிபந்தனை போட்ட மனையானால் சந்தை விலை என்ற பேச்சே சிக்கல்தான். அங்கே 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடைச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையைக் கேட்பதே புத்தி. அதற்கு வீடு அவள் பேரில் இருக்கவேண்டுமென்பதில்லை.

மதிப்பில் தகராறென்றால் கமிஷனரை அனுப்பக் கோர்ட்டை மனுச் செய்து கேட்கலாம். அவர் வரும் நாளில் அந்த அம்மாள் தாய்வீட்டில் அழுதுகொண்டிராமல் அங்கேயே நின்று, எந்தச் சுவர் எந்த நகை அடகில் எழுந்ததென்று சொல்லட்டும். அடகுச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோகட்டும்.