சிவப்பு எழுத்தைக் கண்டு மிரளாதீர்கள்!



இந்த வாரக் கடிதங்களில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் மாம்பலத்து வாசகி ஒருவர். வயது நாற்பத்தாறு. குழந்தைகள் தலையெடுத்துவிட்டார்கள், மத்தியானத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் பைதான் மொழி கற்கலாமென்று உட்கார்ந்தாராம்.

"பால் கணக்குப் போடச் சொன்னேன். 1612 ரூபாய் என்று எனக்கே மனக்கணக்காகத் தெரியும். ஆனால் வந்த விடையைப் பார்த்து என் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். திருத்தினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. இதற்கெல்லாம் எனக்கு மூளை போதாது போலிருக்கிறது. விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

விடாதீர்கள், சகோதரி! நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். அதில் இருப்பவை மூன்றே மூன்று சின்னப் பிசகுகள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இடறுகிற இடங்கள்தாம்.

முதலில், பிள்ளை சிரித்த விடை. லிட்டர் விலையை 'இன்புட்' மூலம் கேட்டு, 52 என்று தட்டி, அதை 31 நாளால் பெருக்கச் சொன்னீர்கள். வந்ததோ 525252 என்று ரயில் வண்டி மாதிரி ஒரு நீளம்! எண்ணிப் பாருங்கள், சரியாக முப்பத்தொரு 52 இருக்கும். 'இன்புட்' வாங்கித் தருவது எதுவானாலும் பைதானுக்கு அது வெறும் எழுத்து, எண் அல்ல. எழுத்தைப் பெருக்கச் சொன்னால், அத்தனை தடவை எழுதித் தள்ளிவிடும். 'இன்ட்' என்று போட்டு, அதன் அடைப்புக்குறிக்குள் 'இன்புட்'டை முழுவதும் வைத்துவிடுங்கள். எழுத்து எண்ணாகிவிடும். விலையில் பைசாவும் உண்டென்றால் 'இன்ட்'டுக்குப் பதில் 'ஃப்ளோட்' போட வேண்டும்.

இரண்டாவது, சிவப்பு எழுத்து. அது திட்டு அல்ல. எங்கே பிசகு என்று சொல்லும் தாக்கல். மேலிருந்து படித்தால் தலை சுற்றும். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன குற்றம் என்று அங்கே இருக்கும். அதற்குச் சற்று மேலே எத்தனையாவது வரி என்றிருக்கும். உங்கள் தாளில் என்ன நடந்தது? பைதானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் மேலே 'விலை' என்று வைத்தீர்கள். கீழே 'விளை' என்று எழுதிவிட்டீர்கள்! அப்படி ஒரு பெயரே தெரியாது என்கிறது அது. 2021-ல் வந்த 3.10 பதிப்பு முதல், பெயர் சற்றுப் பிசகினால் 'இதையா சொன்னீர்கள்?' என்று கிட்டத்தில் உள்ள பெயரையும் எடுத்துக் கொடுக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: சொன்ன வரியில் குற்றமே தெரியாவிட்டால், முந்தின வரியில் அடைப்புக்குறியை மூடினீர்களா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் பொல்லாதது. விருந்தாளி வந்த நாளில் பால் கூடுதலாயிற்றே என்று, 'ஃபார்' போட்டு நாள்வாரியாகக் கூட்ட முயன்றிருக்கிறீர்கள். நல்ல யோசனை! ஆனால் பைதானுக்கு இடது ஓரம், கோலத்துக்குப் புள்ளி மாதிரி. 'ஃபார்' வரிக்குக் கீழே நாலு இடம் தள்ளி எழுதியவை நாள்தோறும் நடக்கும். மறுபடி ஓரத்துக்கு வந்து எழுதியது கடைசியில் ஒரே தடவை நடக்கும். மொத்தத்தைக் காட்டும் 'பிரின்ட்' வரியையும் உள்ளே தள்ளிவிட்டீர்கள். பால்காரர் தினமும் கதவைத் தட்டிக் கணக்குச் சொல்வது போல் முப்பத்தொரு வரி வந்துவிட்டது. அந்த ஒரு வரியை ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள், போதும்.

முதல் பிசகுக்கும் இதற்கும் சிவப்பு எழுத்தே வரவில்லை, கவனித்தீர்களா? சொன்னதைச் செய்துவிட்டேன் என்று பைதான் சும்மா இருந்துவிட்டது. விடை தப்பென்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தது. 1612 என்று மனக்கணக்குப் போட்ட தலையல்லவா அது? பைதான் எழுதத் தேவையான மூளை அதுதான். ஆகவே எந்தக் கணக்கையும் கம்ப்யூட்டரிடம் தருமுன், சின்னதாக ஒன்றைக் கையால் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ரோசம் இந்த மொழியை எழுதத் தொடங்கியது 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுதுபோக்காக! உலகுக்கு வந்தது 1991-ல். ஓய்வு நேரத்தில் பிறந்த மொழியை, மத்தியான ஓய்வில் நீங்கள் பழகினால் என்ன?

திருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 1612 வந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்ட மறக்க வேண்டாம். அப்படியே, அவன் முதல் மாதம் எழுதிய தாளையும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பாருங்கள்!