உதவித்தொகை வருமானம் அல்ல

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று கேட்டுப் போன நம் உறுப்பினர்கள் சிலரிடம், மாற்றுத்திறனாளிக்கான மாத உதவித்தொகையையும் சேர்த்துத்தான் எழுத முடியும் என்று கிராம நிர்வாக அலுவலர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதன் பேரில் விருத்தாசலத்தில் கூடிய நம் சங்கத்தின் செயற்குழு எடுத்த நிலைப்பாடு இது.

கணக்கைப் பாருங்கள். கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000, ஆண்டுக்கு ரூ.24,000. காப்பீட்டுக்கான வருமான வரம்பு ரூ.1,20,000. அதில் ஐந்தில் ஒரு பங்கை உதவித்தொகையே விழுங்கிவிடுகிறது. செராமிக் பட்டறையில் அகல் விளக்கு செய்து மாதம் ரூ.8,500 கொண்டுவரும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ரூ.1,02,000, வரம்புக்குள்தான் இருக்கிறார். படுக்கையில் கிடக்கும் மகனின் உதவித்தொகையைக் கூட்டினால் ரூ.1,26,000. ஆறாயிரம் ரூபாய் கூடிப்போனதற்காக, ரூ.5 லட்சம் வரை கிடைக்க வேண்டிய சிகிச்சை பறிபோகிறது! அந்த 24,000 அவர் வீட்டில் ஒரு நாளாவது தங்கியதா? டயப்பர், சிறுநீர்க் குழாய், புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்வர வண்டி வாடகை என்று வந்த கையோடு போய்விடுகிறது. செலவை ஈடுகட்டக் கொடுத்த பணத்தை வரவு என்று எழுத எப்படி மனம் வருகிறது?

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் இதுபோன்ற தடை உண்டு. அது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. ஊரகத்துக்கான அதன் அளவுகோல்களில் ஒன்று: வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும், உடல்திறனுள்ள பெரியவர் ஒருவரும் இருக்கக் கூடாது. தூக்கி உட்காரவைக்க ஒரு தாய் இருப்பது குற்றமா?

இ.எஸ்.ஐ.யில் சம்பள வரம்பு ரூ.21,000, மாற்றுத்திறனாளிக்கு ரூ.25,000. அந்த நியாயம் மாநிலத் திட்டத்துக்கும் பொருந்தும். நம் ஊரின் சிறு பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. எட்டாது என்பதையும் பதிவு செய்கிறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு காப்பீட்டையும் அரசின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது.

வரம்பையே நீக்கக் கோர வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினார்கள். அரசின் நிதிநிலையையும் கருதி, முதற்கட்டமாக, உதவித்தொகையைக் குடும்ப வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று வருவாய்த் துறை எழுத்தில் அறிவிக்க வேண்டும் எனக் கோருவதற்கு அனைவரும் உடன்பட்டோம். கிராம நிர்வாக அலுவலர்கள் எவரையும் குறை சொல்வது நோக்கமல்ல. ஆனால் சேர்க்கச் சொல்லும் உத்தரவை இதுவரை யாரும் எங்களிடம் காட்டவில்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சான்று மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், போன தேதியையும் சொன்ன காரணத்தையும் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.