உதவித்தொகை உயர்ந்தது, பணியிடம் எங்கே?

புது தில்லி: பல்கலைக்கழக உயிரி மருத்துவ ஆய்வகங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது, நிரந்தரப் பணி கிடைப்பதில்லை. கடந்த சில ஆண்டுகளில் மத்திய அரசு எடுத்த முடிவுகள் முதல் குறையைப் போக்க முயன்றனவே தவிர, இரண்டாவது குறையை ஏறத்தாழத் தொடவே இல்லை.

ஆராய்ச்சி மாணவர்களின் தொடர் கோரிக்கைகளுக்குப் பிறகு, 2023 ஜூனில் உதவித்தொகை உயர்வு அறிவிக்கப்பட்டு, ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு அமலுக்கு வந்தது. இளநிலை ஆய்வாளருக்கு ரூ.31 ஆயிரமாக இருந்த தொகை ரூ.37 ஆயிரமானது. முனைவர் பட்டம் பெற்ற 'ரிசர்ச் அசோசியேட்'டுக்கான தொடக்கத் தொகை ரூ.47 ஆயிரத்திலிருந்து ரூ.58 ஆயிரமானது. வரவேற்கத்தக்க உயர்வுதான். ஆனால், இப்பணிகளில் பெரும்பாலானவை ஓர் ஆய்வுத் திட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. திட்டம் முடிந்தால் பணியும் முடிந்துவிடும்.

வயதும் காத்திருப்பதில்லை. மத்திய அரசின் தேசிய முதுமுனைவர் உதவித்தொகையின் காலம் இரண்டு ஆண்டுகள். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 35. முனைவர் பட்டம் பெறவே முப்பதை எட்டிவிடும் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் அவகாசம் மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கான ராமலிங்கசுவாமி உதவித்தொகையும் ஐந்து ஆண்டுகளுக்கு உரியதே.

மணிப்பூர் பிரச்னையால் நாடாளுமன்றம் அமளியில் மூழ்கியிருந்த 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில், தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளில் ரூ.50 ஆயிரம் கோடி என்பது இலக்கு. அதில் ரூ.36 ஆயிரம் கோடி, தொழில் துறை உள்ளிட்ட அரசு சாரா வழிகளில் வர வேண்டும் எனத் திட்டமிடப்பட்டது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.1 லட்சம் கோடித் திட்டம், தனியார் துறை ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன் வழங்குவதை முக்கிய நோக்கமாகக் கொண்டது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு நிரந்தரப் பணியிடத்தை உருவாக்குவது இரண்டின் நோக்கமும் அல்ல.

சிக்கலின் வேர் மத்திய, மாநில நிதிப் பங்கீட்டில் உள்ளது. ஆய்வுத் திட்டங்களுக்கான பணத்தில் பெரும்பகுதி தில்லியிலிருந்து வருகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்களுக்கான செலவையோ மாநில அரசுகள் ஏற்க வேண்டியுள்ளது. நிதி நெருக்கடியில் உள்ள மாநிலங்கள் காலியிடங்களை நிரப்பத் தயங்குகின்றன. கருவி வாங்க மத்திய நிதி கிடைத்தாலும், அதை இயக்கிப் பழகிய ஆய்வாளரைத் தக்கவைத்துக்கொள்ள வழியில்லை. செல் வளர்ப்பிலும் விலங்குப் பரிசோதனையிலும் பல ஆண்டுகள் பெற்ற பயிற்சி அவரோடு வெளியேறிவிடுகிறது.

இதுவரை வெளிநாடு ஒரு வடிகாலாக இருந்தது. 2025-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மானியங்கள் பல ரத்து செய்யப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்த வழி குறுகும்போது, திறமையாளர்களை உள்நாட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்துள்ளது.

உள்நாட்டு மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு 0.64 சதவீதம் மட்டுமே செலவிடப்படுவதாக 2020-21-ஆம் ஆண்டுக்கான அரசின் கணக்கே கூறுகிறது. அதை உயர்த்த வேண்டும் என்பதில் கட்சிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்ற கேள்வியோடு உறுப்பினர்கள் நின்றுவிடக்கூடாது. அந்தக் கோடிகளால் எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் உருவாயின என்று கேட்கத் தொடங்கும்போதுதான் ஆய்வகங்களின் நிலை மாறும்.