சொத்துக்காகக் கொன்றவருக்குச் சொத்து கிடையாது

பெற்றவர்களைப் பிள்ளை கொன்ற செய்தி வந்தால் போதும், "தூக்குல போடுங்க, அப்பத்தான் மத்தவன் பயப்படுவான்" என்று கம்பத்தில் டீக்கடைக்கு டீக்கடை தீர்ப்பு. நான் ஒப்பமாட்டேன்.

2001 ஆகஸ்டில் ஹரியானாவின் ஹிசார் அருகே முன்னாள் எம்.எல்.ஏ. ரேலு ராம் புனியாவின் குடும்பத்தில், மூன்று பச்சைக் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரை மகள் சோனியாவும் அவள் கணவன் சஞ்சீவும் கொன்றார்கள். காரணம் சொத்து. தூக்குத் தண்டனை அன்றும் சட்டத்தில் இருந்ததே, தடுத்ததா? அவர்களுக்கு விதித்த தூக்கையும், கருணை மனு தாமதத்தால் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்நாட்டின் 1810 சட்டம், பெற்றோரைக் கொன்றவனின் வலது கையை வெட்டிய பிறகே தலையை வெட்டச் சொன்னது. 1832-ல் கை வெட்டுவதை அவர்களே கைவிட்டார்கள்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, கொன்றவருக்குக் கொலையுண்டவர் சொத்தில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. இது எத்தனை வீட்டில் தெரியும்? ஏலத்தோட்டமும் திராட்சைத் தோட்டமும் வைத்திருப்பவர்கள், "நான் கண்ணை மூடினா எல்லாம் உனக்குத்தான்" என்று சொல்லியே பிள்ளை வளர்க்கிறார்கள். உங்கள் சாவையும் அவன் வாழ்வையும் ஒரே முடிச்சில் போடாதீர்கள் ஐயா. உங்களுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, கொடுப்பதை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள். 25-ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.