ரகசியமும் ரோகமும்

செங்கற்பட்டு ஜில்லாவின் பொதுச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் கொசுவையும் குடிநீரையும் சாக்கடையையும் பற்றித் தாராளமாகப் பேசுகிறார்கள். எச்.ஐ.வி. என்றதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். அதிலும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே அக்கிருமி பரவாமல் தடுப்பது எங்ஙனம் என்று கேட்டால் வாயையே மூடிக்கொள்ளுகிறார்கள். பேசத் தகாதது என்று ஒதுக்கப்படும் இவ்விஷயத்தை ஜனங்களின் நன்மையை முன்னிட்டு நாம் ஒளிவு மறைவின்றி ஆராய வேண்டியது அவசியமாகிறது.

நம் தேசத்தில் வயது வந்தோர் ஆயிரம் பேரை எடுத்துக் கொண்டால் ஏறக்குறைய இருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே விகிதம் இதைப் போல் பத்து மடங்குக்கும் அதிகம் என்பதை 2021-ம் வருஷத்துத் தேசியக் கணிப்பு காட்டிற்று. இது அவர்களுடைய குணத்தைக் குறிக்கும் கணக்கன்று. எவரிடம் நாம் வைத்தியத்தைக் கொண்டு செல்லத் தவறினோம் என்பதைக் குறிக்கும் கணக்கேயாகும்.

வைத்தியத் துறையில் நம் மாகாணம் பின்தங்கியதில்லை. இந்தியாவில் இக்கிருமி இருப்பதை 1986-ல் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவுமே. க்ஷயரோகிகளைக் கண்டு ஊரார் விலகி ஓடிய காலத்தில், 1928-ல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய தாம்பரம் ஆஸ்பத்திரி, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் ஏற்றது. 2004-ல் ஸர்க்கார் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது முதலிலேயே அதைப் பெற்ற இடங்களில் தாம்பரமும் ஒன்று. அது இருப்பது நமது ஜில்லாவில்தான். வைத்தியம் வாசலிலிருந்தும் அதை நாடி வர மனிதன் அஞ்சுவானேன்?

அச்சத்தின் வேர் சட்டத்தில் இருந்தது. 1860-ல் அந்நிய ஆட்சி நம்மீது சுமத்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, ஆடவர் இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவையும் குற்றமாக்கிற்று. இங்கிலாந்து தன் நாட்டில் அத்தகைய சட்டத்தை 1967-லேயே தளர்த்திக் கொண்டது. நாமோ எஜமானன் கழற்றி எறிந்த விலங்கைப் பத்திரமாகப் பூட்டிக் கொண்டிருந்தோம்! அதன் பலன் என்ன? 2001-ல் லக்னோ நகரில், நோய்த் தடுப்புப் பிரசாரம் செய்த ஊழியர் நால்வரைப் போலீஸார் இப்பிரிவின் கீழ்ப் பிடித்து, ஒன்றரை மாதத்திற்கு மேல் சிறையில் வைத்தனர். டெல்லி உயர்நீதிமன்ற வழக்கில் உள்துறை அமைச்சகம் இப்பிரிவை ஆதரித்து நின்றது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமோ, இச்சட்டம் மக்களை மறைந்து வாழச் செய்து நோய்த் தடுப்பைக் கெடுக்கிறது என்று 2006-ல் பிரமாணம் தாக்கல் செய்தது. ஒரே ஸர்க்காரின் வலக்கை கட்டியதை இடக்கை இடித்தது.

2009-ல் டெல்லியில் பிறந்த நியாயம் 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் மறுக்கப்பட்டு, 2018 செப்டம்பர் 6-ந் தேதி நிலைபெற்றது. நான்கே நாட்களில், செப்டம்பர் 10-ந் தேதி, எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் அமலுக்கு வந்தது. சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், நோய்நிலையை வெளியிடுவதையும், அதைக் காட்டி வேலையோ சிகிச்சையோ மறுப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆயினும் ஒரு குறை சேர்ந்துவிட்டது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் நியாய ஸம்ஹிதை 377-ஐ அடியோடு விட்டுவிட்டபடியால், பலவந்தத்துக்குள்ளான ஆண்மகனுக்கு அதில் தனிப் பரிகாரம் இல்லை. சட்டசபையினர் இதைச் சீர்செய்தாக வேண்டும்.

சட்டம் போயிற்று, அச்சம் போகவில்லை. மாமல்லபுரம் போன்ற சிற்றூரில், நம்பிக்கை மையத்துக்குள் நுழைபவனை ஊரே அறியும். ஆலோசகர் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். மருந்து தருபவர் சித்தப்பாவின் சிநேகிதராக இருக்கலாம். கடற்கரை விடுதியில் வேலை பார்ப்பவனோ, சிற்பக் கூடத்தில் உளி பிடிப்பவனோ, ஒருநாள் கூலியை இழந்து காலை வேளையில் வரிசையில் நிற்பான் என்று எதிர்பார்ப்பது மடமை. உற்றார் விருப்பத்துக்கு இணங்கி விவாகம் செய்து கொண்டவர்களும் இவர்களில் பலர். அவர்கள் பரிசோதனைக்கு அஞ்சினால் ஒன்றுமறியாத மனைவியும் அபாயத்துக்குள்ளாகிறாள். அந்தரங்கமாகச் சந்திக்கும் வழிகளைக் கைத்தொலைபேசி திறந்துவிட்ட இக்காலத்தில், பழைய பூங்காக்களிலும் ரயிலடிகளிலும் மட்டும் ஊழியர்களை நிறுத்தினால் போதாது.

இவர்களுக்குச் சேவை செய்வது தீயொழுக்கத்தைத் தூண்டுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். மருந்துச்சாலையைப் பார்த்து எவனும் ஆசையைக் கற்றுக் கொள்வதில்லை. வெட்கத்தினால் சிகிச்சையைக் கைவிடுவதையே கற்றுக் கொள்கிறான். ஒருவனுடைய நடத்தையைப் பற்றி அபிப்பிராய பேதமிருக்கலாம். அவன் உயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் பேதத்துக்கு இடமில்லை.

இன்றைய வைத்திய சாஸ்திரம் நமக்கு அளித்திருக்கும் சாதனங்கள் அற்பமல்ல. ஆணுறை இருக்கிறது. அபாயம் நேர்ந்தபின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ளும் மருந்து இருக்கிறது. முறைப்படி உட்கொண்டால் தொற்றையே ஏறக்குறைய முற்றும் தடுக்கும் முன்காப்பு மாத்திரையும் உண்டு. அதற்கான தேசிய நெறிகள் 2022-ல் வெளியாயின. கிருமி உள்ளவர் கூட்டு மருந்தை விடாது உண்டு, இரத்தத்தில் அது காணப்படாத நிலையில் நீடித்தால், உறவின் மூலம் பிறருக்குப் பரப்புவதில்லை. இதை நம் வாலிபர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆகையால் நாம் கோருவன சில. செங்கற்பட்டு முதல் கடற்கரை வரையுள்ள பரிசோதனை மையங்கள் மாலை வேளைகளிலும் திறந்திருக்க வேண்டும். டாக்டர்கள் முகம் சுளிக்காமல் கேட்கவும், தொண்டையிலும் ஆசனவாயிலும் குறியின்றி ஒளிந்திருக்கும் மேக வியாதிகளைச் சோதிக்கவும் பயிற்சி பெற வேண்டும். முன்காப்பு மாத்திரை, ஏட்டில் நில்லாமல், ஏழைக்கும் இலவசமாக எட்ட வேண்டும். 100 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் விடுதிகள், 2017-ம் வருஷச் சட்டப்படி புகார் அதிகாரியை நியமித்துள்ளனவா என்று ஜில்லா நிர்வாகம் விசாரிக்க வேண்டும். சென்னையில் 1998-ல் தோன்றிய சகோதரன் முதலிய ஸ்தாபனங்கள் காட்டியபடி, அச்சமூகத்தினரையே ஊழியர்களாக அமர்த்தி, அவர்களுக்குரிய சம்பளத்தைக் காலத்தில் கொடுக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றேனும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. வேண்டுவது மனத் துணிவே. பொதுவாழ்வில் ஈடுபட்ட தோழர்களை நாம் கேட்டுக் கொள்வது இதுதான்: அடுத்த கிராம சபையிலும் நகரசபையிலும் குடிநீருக்கு வாதாடும் அதே குரலில் இதற்கும் வாதாடுங்கள். ரகசியத்தில் வளரும் ரோகத்துக்கு நம் மௌனமே உரமாகும்.